இங்கிலாந்தின் நான்கு தொழில் நகரங்கள்: ஒரே ஒரு நாள் இருந்தால் எங்கே போகலாம்?

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் இங்கிலாந்துக்கு வரும் பெற்றோரும், மேற்படிப்புக்காக வந்து ஓராண்டு தங்கும் மாணவர்களும், லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று ஒரு சுற்று முடித்த பிறகு அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தொழிற்புரட்சி இந்த நாட்டில்தான் தொடங்கியது என்று பள்ளியில் படித்தோம்; அது நடந்த ஊரை நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே போவது? தேடிப் பார்த்தால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இரும்புப் பாலத்தால் பெயர்பெற்ற அயர்ன்பிரிட்ஜ், நீராற்றலால் வெற்றிகரமாக இயங்கிய முதல் பஞ்சு நூற்பாலை எழுந்த குரோம்ஃபோர்டு, கம்பளி ஆலை முதலாளி ஒருவர் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சால்ட்டேர், பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆகியவையே அவை. இவற்றுள் முதல் மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன, நான்காவது இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் நான்காவதை முதலில் நீக்கிவிடுகிறார்கள். அது சரியான தேர்வுமுறை அன்று என்பதை இந்தக் கட்டுரையில் காரணங்களோடு சொல்ல விரும்புகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

புகழை வைத்து எடைபோட்டால் அயர்ன்பிரிட்ஜ் வென்றுவிடும்; அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் வேறு சில விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது, கார் இல்லாமல் போய்ச் சேர முடியுமா என்பது. ரயில் நிலையத்திலிருந்து பார்க்க வேண்டிய இடம் வரை உள்ள கடைசி மூன்று நான்கு மைல்களில்தான் பெரும்பாலான பயணங்கள் தடுமாறுகின்றன. இரண்டாவது, அங்கே உண்மையில் கண்ணால் காணக் கிடைப்பது எது என்பது. கட்டடத்தைப் பார்ப்பது ஒன்று, எந்திரத்தைப் பார்ப்பது ஒன்று, ஒரு மனிதர் கையால் வேலை செய்வதைப் பார்ப்பது மற்றொன்று. நான்கு ஊர்களும் இந்த மூன்றையும் ஒரே அளவில் தருவதில்லை. மூன்றாவது, உடன் வருபவர்களின் முழங்கால். மேடும் பள்ளமும் கருங்கல் பாவிய தெருவும் எழுபது வயதுக்காரருக்கு அரை நாளிலேயே அலுப்பைத் தந்துவிடும். நான்காவது, வரலாற்றில் நாட்டமில்லாத ஒருவர் குழுவில் நிச்சயம் இருப்பார். அவருக்கு அருகில் என்ன உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்தாவதாக மறைமுகச் செலவு. அதைத் தனியே பிறகு சொல்கிறேன்.

## அயர்ன்பிரிட்ஜ்: இரும்பு தொடங்கிய பள்ளத்தாக்கு

செவர்ன் ஆறு குறுகிப் பாயும் பள்ளத்தாக்கில், ஷ்ரோப்ஷயர் வட்டாரத்தில் இருக்கிறது இந்த ஊர். 1709 இல் ஆபிரகாம் டார்பி என்பவர் இங்குள்ள கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கோக்கை) இட்டு இரும்பை உருக்கிக் காட்டினார். காடுகள் சுருங்கி மரக்கரி விலையேறிக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர் முதலில் வார்த்தது பீரங்கியோ எந்திரமோ அல்ல, சமையல் பானைகள். அவருடைய ஊதுலை இன்றும் கூரையிட்ட கட்டடத்துக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் வாய்க்கு மேலுள்ள இரும்பு விட்டத்தில் அவருடைய பேரனின் பெயரையும் 1777 என்ற ஆண்டையும் படிக்கலாம்.

அந்தப் பேரன், மூன்றாம் ஆபிரகாம் டார்பி, கட்டியதுதான் பாலம். வடிவமைத்தவர் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிட்சர்ட் என்ற கட்டடக் கலைஞர். வேலை முடிவதற்குள், 1777 இல், அவர் இறந்துவிட்டார். 1779 இல் வளைவு எழுந்தது; 1781 புத்தாண்டு நாளில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டும் இந்தப் பாலத்துக்கு 378 டன் இரும்பு ஆனது. செலவு மதிப்பீட்டை மீறிப் போய், டார்பி தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தைக் கடனோடு கழித்தார்.

பாலத்தின் மேல் நடந்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கரையோரம் இறங்கி, வளைவின் அடியில் நின்று, இரும்புச் சட்டங்கள் சந்திக்கும் இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே திருகாணி முதன்மையாக இல்லை. ஒரு சட்டத்தில் துளை, மற்றொன்றில் அதற்குள் செருகும் நாக்கு, நழுவாமல் இருக்க அடித்த ஆப்பு என்று தச்சர்கள் மரத்தில் செய்யும் பொருத்து வேலையை அப்படியே இரும்பில் செய்திருக்கிறார்கள். இரும்பால் இவ்வளவு பெரிதாகக் கட்டும் முறை அதுவரை யாருக்கும் பழக்கமில்லை. அறிந்த கைவினையைக் கொண்டே அறியாத பொருளைக் கையாண்டிருக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே இவ்வூருக்குப் போகலாம் என்பேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் அருங்காட்சியகங்கள் சிதறியிருக்கின்றன. பிளிஸ்ட்ஸ் ஹில் என்னும் விக்டோரியா காலத்து மாதிரி ஊரில் அக்கால உடையணிந்தவர்கள் கடை நடத்துகிறார்கள். வங்கியில் இன்றைய பணத்தைக் கொடுத்துப் பழைய காசாக மாற்றிச் செலவழிக்கலாம். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த இடம் இந்த நான்கு ஊர்களிலும் கிடையாது. கோல்போர்ட்டில் பீங்கான், ஜாக்ஃபீல்டில் ஓடு என்று தனித்தனி அருங்காட்சியகங்களும் உண்டு.

குறை என்னவென்றால், ஊருக்கு ரயில் நிலையம் இல்லை. டெல்ஃபோர்டு சென்ட்ரலில் இறங்கிப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஊதுலைக்கும் பிளிஸ்ட்ஸ் ஹில்லுக்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதில் பாதி செங்குத்தான சரிவு. பாலத்தில் நடக்கக் கட்டணமில்லை, ஆனால் அருங்காட்சியகங்களுக்கு உண்டு. ஒரே நாளில் இரண்டுக்கு மேல் நிதானமாகப் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் செவர்ன் வெள்ளம் ஆற்றங்கரைச் சாலையை மூழ்கடிப்பது புதிதல்ல. பயணத்தை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்பவர்கள் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

அருகில் பார்க்க ஷ்ரூஸ்பரி இருக்கிறது. சார்லஸ் டார்வின் பிறந்த ஊர். உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடமான 1797 ஆம் ஆண்டின் ஆளிநார் நூற்பாலையும் அங்கேதான் உள்ளது. இரும்புப் பாலத்தைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தால்தான் பின்னாளைய வானளாவிய கட்டடங்களுக்கு வேர் எங்கே என்பது விளங்கும்.

எப்போது இதுவே சிறந்தது: சொந்தக் கார் அல்லது வாடகைக் கார் இருக்கும்போது, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உடன் வரும்போது, பொறியியல் படித்தவர் குழுவில் ஒருவராவது இருக்கும்போது.

## குரோம்ஃபோர்டு: மில் சங்கின் பூர்வீகம்

கோவையிலும் மதுரையிலும் மில் சங்கு கேட்டு எழுந்து ஷிப்டுக்குப் போன குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிற்றூர் மற்ற மூன்றையும்விட நெருக்கமானது. 1771 இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கே நீர்ச்சக்கரத்தால் இயங்கும் நூற்பாலையைத் தொடங்கினார். எந்திரம் மட்டுமே அவருடைய சாதனை அன்று. அந்த எந்திரங்கள் யாருடைய சிந்தனையில் பிறந்தவை என்று வழக்கு நடந்து, 1785 இல் அவருடைய காப்புரிமை ரத்தானது. நிலைத்து நின்றது அவர் ஏற்படுத்திய ஒழுங்கு. நூற்றுக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, மணியடித்து உள்ளே விட்டு, நேரம் தவறியவர்களுக்கு வாயிலை அடைத்து, இரவும் பகலும் முறைவைத்து ஏறத்தாழ 12 மணி நேரம் வேலை வாங்கும் ஆலை வாழ்க்கை இங்கே உருப்பெற்றது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்களும் குழந்தைகளும்.

ஆலையைச் சாலைப் பக்கமிருந்து பார்த்தால் கோட்டைபோல் இருக்கும். கீழ்த்தளத்தில் சாளரமே கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. கையால் நூற்றுப் பிழைத்தவர்கள் எந்திரத்தை எதிர்த்தார்கள். 1779 இல் லங்காஷயரில் ஆர்க்ரைட்டின் மற்றோர் ஆலையை மக்கள் கூட்டம் எரித்தது. அந்தச் சுவரின் முன் நிற்கும்போது முதலாளியின் அச்சமும் தொழிலாளியின் கோபமும் ஒருசேரப் புரியும். பத்து நிமிட நடையில் நார்த் ஸ்ட்ரீட் என்ற தெரு வரும். 1776 இல் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மூன்றடுக்கு வீடுகள். மேல்தளத்தில் மட்டும் சாளரங்கள் வீட்டின் அகலத்துக்கு நீண்டிருக்கும். ஆண்கள் மேலே உட்கார்ந்து தறியில் நெய்ய, மனைவியும் மக்களும் ஆலைக்குப் போய் நூற்றார்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்கான சாளரங்கள் அவை.

ஆலைக்கு நீர் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. அருகிலுள்ள ஈயச் சுரங்கத்திலிருந்து வடியும் நீரை ஆர்க்ரைட் பயன்படுத்திக்கொண்டார். நிலத்தடியிலிருந்து வருவதால் அது சற்று வெதுவெதுப்பாக இருந்தது, கடுங்குளிரிலும் உறையவில்லை, சக்கரம் நிற்கவில்லை.

டெர்பியிலிருந்து மாட்லாக் செல்லும் சிறு ரயில் இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகவே ஓடுகிறது. வழியில் பெல்பரில் இறங்கினால், 1803 இல் தீக்கிரையான ஆலையின் இடத்தில் மறு ஆண்டே இரும்புத் தூண்களோடும் செங்கல் வளைவுகளோடும் எழுப்பிய நார்த் மில்லையும், ஆற்றின் குறுக்கே குதிரை லாட வடிவில் அமைந்த அணையையும் காணலாம். டெர்பியில், 1721 இல் லோம்ப் சகோதரர்களின் பட்டாலை முடிக்கப்பட்ட இடத்தில், இப்போது மியூசியம் ஆஃப் மேக்கிங் என்னும் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம்.

எந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்போடு குரோம்ஃபோர்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் வெற்றுக் கட்டடங்கள். வழிகாட்டியின் சொல்லால்தான் அவை உயிர்பெறும். ஆகவே வழிகாட்டியோடு சுற்றும் நேரத்தை முன்னதாகவே பதிவு செய்துகொண்டு போக வேண்டும். வரலாற்றில் நாட்டமில்லாதவர்களுக்கோ இந்த இடம் வரம். அடுத்த நிலையமான மாட்லாக் பாத்தில் கம்பிவட ஊர்தியில் மலையேறலாம். பீக் மாவட்டத் தேசியப் பூங்கா எட்டும் தொலைவில். கார் இருந்தால் சாட்ஸ்வொர்த் மாளிகையும் கிரிச் டிராம் அருங்காட்சியகமும் உண்டு.

எப்போது இதுவே சிறந்தது: பஞ்சாலைத் தொழிலோடு குடும்பத் தொடர்பு இருந்தால்; பாதி நாள் வரலாறு, பாதி நாள் மலையும் ஆறும் என்று பிரித்துக்கொள்ள விரும்பினால்.

## சால்ட்டேர்: முதலாளி கட்டிய ஊர்

போய்வர இதைவிட எளிய இடம் கிடையாது. லீட்ஸிலிருந்து கால் மணி நேரம் சற்றே கூடக் குறைய. ரயிலை விட்டு இறங்கினால் ஆலை கண்ணெதிரே நிற்கும். ஆல்பகா என்னும் தென் அமெரிக்க விலங்கின் கம்பளியால் பெருஞ்செல்வம் சேர்த்த டைட்டஸ் சால்ட், புகையும் காலராவும் சூழ்ந்த பிராட்ஃபோர்டை விட்டு வெளியேறி, ஏர் ஆற்றங்கரையில் ஆலை கட்டினார். 1853 செப்டம்பரில், தம் ஐம்பதாம் பிறந்தநாளில் அதைத் திறந்தார். பிறகு சுமார் இருபது ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட வீடுகள், தேவாலயம், பள்ளி, மருத்துவமனை, குளியலறையும் சலவைக்கூடமும், முதியோர் இல்லம், கலைக்கூடம் எல்லாம் எழுந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. தெருக்களுக்குத் தம் மனைவி கரோலைனின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் வைத்தார்.

தெருவில் நடக்கும்போது வீடுகளின் அளவைக் கவனியுங்கள். வரிசையின் நடுவே தொழிலாளர்களின் சிறிய வீடுகள்; மேற்பார்வையாளர்களுக்குப் பெரிய வீடுகள். சம்பள ஏணி அப்படியே கல்லில் கட்டப்பட்டிருக்கிறது. சால்ட் நல்லவரா, கட்டுப்படுத்தும் முதலாளியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டும்தான் என்பது என் கருத்து. சுத்தமான குடிநீரும் காற்றோட்டமான வீடும் அக்காலத் தொழிலாளிக்குச் சிறிய கொடை அல்ல. வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தால் எதிர்த்துப் பேசும் துணிவு என்னவாகும் என்பதும் சிறிய கேள்வி அல்ல.

ஆலை 1986 இல் நின்றது. மறு ஆண்டு ஜானதன் சில்வர் என்ற தொழில்முனைவர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படைப்புகளுக்கான காட்சிக்கூடமாகவும் புத்தகக் கடையாகவும் உணவகமாகவும் மாற்றினார். உள்ளே போகக் கட்டணமில்லை. தறிகளைத் தேடிப் போவது மட்டும் வீண், அவற்றைப் பார்க்க பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. அதே ரயில் வழியில் அடுத்த நிலையம் பிங்லி. 1774 ஆம் ஆண்டின் ஐந்தடுக்குப் படகுப் பூட்டுகள் அங்கே இருக்கின்றன. ஒரு படகு ஒவ்வொரு தொட்டியாக நீர் நிரம்பி நிரம்பி ஏறத்தாழ 18 மீட்டர் உயரம் ஏறுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. இன்னும் மேலே போனால் கீத்லி. அங்கிருந்து நீராவி ரயிலில் நாவலாசிரியர்களான பிராண்ட்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவொர்த்.

எப்போது இதுவே சிறந்தது: கார் இல்லாதபோது, முதியவர்கள் உடன் வரும்போது, செலவைக் குறைக்க வேண்டியபோது. மழை நாளிலும் பெரிதாகக் கெடாது. மாலையில் நம் நாட்டுச் சாப்பாடு வேண்டுமென்றாலும் பிராட்ஃபோர்டில் பஞ்சமில்லை.

## ஸ்டோக்-ஆன்-டிரென்ட்: இன்னும் ஈரம் காயாத களிமண்

இது ஒரே ஊர் அன்று. டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறு ஊர்கள் 1910 இல் ஒன்றாயின. 1925 இல் நகரத் தகுதி பெற்றன. அழகான ஊர் என்று யாரையும் நம்பவைக்க முயல மாட்டேன். மூடிய கடைகள், இடிந்த ஆலைகள், நடுவே புதர் மண்டிய வெளிகள் எல்லாம் உண்டு. ஆயினும் நான்கில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்வது இதைத்தான். மற்ற மூன்று இடங்களிலும் வேலை நின்றுபோய், நின்றதன் நினைவு பாதுகாக்கப்படுகிறது. இங்கே, நலிந்த நிலையிலும், வேலை தொடர்கிறது.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் சிலை. கையில் அவர் பலகாலம் முயன்று பீங்கானில் நகலெடுத்த, போர்ட்லாந்து குடுவை என்னும் பழைய ரோமானியக் கண்ணாடிக் கலம். 1730 இல் பர்ஸ்லத்தில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். குதிரை முதுகில் போன பாண்டங்கள் வழியில் உடைந்ததால் கால்வாய்க்காகப் போராடினார். டிரென்ட் – மெர்சி கால்வாய் 1777 இல் முடிந்தது. அடிமை வணிகத்தை எதிர்த்து, விலங்கிட்ட கறுப்பின மனிதர் முழந்தாளிட்டிருக்கும் பதக்கத்தை 1787 இல் வார்த்து விநியோகித்தவரும் இவரே. டார்வினின் தாய்வழிப் பாட்டனார்.

வெள்ளைக் களிமண் இந்த ஊரில் கிடைப்பதில்லை. தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் கடல்வழி வந்தது. பிறகேன் தொழில் இங்கே நிலைத்தது? பாண்டத்துக்கு ஆகும் மண்ணைவிடச் சுடுவதற்கு ஆகும் நிலக்கரி அதிகம். மண்ணை நிலக்கரியிடம் கொண்டுவருவது, நிலக்கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மலிவு. நிலக்கரி காலடியில் இருந்த ஊர் வென்றது.

அந்த நிலக்கரியை விழுங்கியவை குப்பி வடிவச் சூளைகள். ஒரு காலத்தில் ஈராயிரத்துக்கும் மேல் நின்ற இவற்றில் இன்று எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. 1956 இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு எரிவாயுவும் மின்சாரமும் வந்து இவற்றை அணைத்தன. லாங்டனிலுள்ள கிளாட்ஸ்டன் பீங்கான் அருங்காட்சியகத்தில் ஒரு சூளைக்குள் நேரே நடந்து செல்லலாம். வெளியே தெரியும் குப்பி வெறும் புகைபோக்கிச் சுவர். அதற்குள், இரும்புப் பட்டைகள் இறுகக் கட்டிய வட்டமான உள்சூளை தனியே நிற்கிறது. பாண்டங்களைச் சாகர் எனப்படும் தடித்த மண்பெட்டிகளில் வைத்து, பெட்டிகளைத் தலையில் சுமந்து ஏணியில் ஏறி, கூரை வரை அடுக்குவார்கள். பழைய காலுறையைச் சுருட்டிச் செய்த சும்மாடுதான் தலைக்குக் காவல். வாயிலைச் செங்கல்லால் அடைத்து, பத்து டன்னுக்கு மேல் கரி எரித்து, நாள்கணக்கில் சுட்டு, உள்ளே சூடு முற்றும் தணியும் முன்பே ஆட்கள் நுழைந்து பெட்டிகளை இறக்குவார்கள். மெருகுக் கலவையிலிருந்த ஈயமும் காற்றில் பறந்த கல்தூளும் எத்தனை பேரின் உயிரைக் குடித்தன என்பதையும் இந்த அருங்காட்சியகம் மறைக்காமல் சொல்கிறது. அதன் மற்றொரு பகுதியில் பீங்கான் கழிப்பறையின் வரலாறு இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் அக்கறை உள்ளவர்கள் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இதற்குப் பிறகு பர்ஸ்லத்தின் கால்வாயோரத்தில் 1888 இல் எழுந்த மிடில்போர்ட் ஆலைக்கோ, ஹான்லியிலுள்ள எம்மா பிரிட்ஜ்வாட்டர் ஆலைக்கோ, பார்லஸ்டனிலுள்ள வேர்ல்ட் ஆஃப் வெட்ஜ்வுட்டுக்கோ போங்கள். மிடில்போர்ட்டின் மரபில், செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் எடுத்த நீலப் பூவேலையைக் கோப்பையின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, மடிப்பு விழாமல் ஒட்டி, தூரிகையால் தேய்த்துப் பதிய வைப்பார்கள். கோப்பையின் கைப்பிடி அருகே பூக்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை இணைப்பு தெரியும். கையால் செய்ததன் அடையாளம் அது. அடுத்த முறை கடையில் இத்தகைய கோப்பையைப் பார்த்தால் அந்த இணைப்பைத் தேடத் தோன்றும்.

உணவைப் பற்றி ஒரு சொல். இவ்வூரின் ஓட்கேக் என்பது ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றி எடுக்கும் மெல்லிய, நம் தோசையைப் போன்ற பண்டம். பன்றி இறைச்சியோடு உண்பது வழக்கமென்றாலும், பாலாடைக்கட்டியும் காளானும் மட்டும் வைத்துத் தரும்படி கேட்டால் சைவர்களுக்கும் நல்ல காலை உணவு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆறு ஊர்களும் நீளவாக்கில் விரிந்து கிடப்பதால் பேருந்தோ டாக்சியோ இல்லாமல் இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்க இயலாது. லாங்டனுக்கு மட்டும் ஸ்டோக்கிலிருந்து ஒரே நிறுத்தம் தள்ளி ரயில் நிலையம் உண்டு. தொழிற்கூடங்கள் வார நாளில்தான் முழுமையாக இயங்கும். சனி, ஞாயிறுகளில் போனால் கடையைத்தான் பார்ப்பீர்கள், கைகளை அல்ல. நாட்டமில்லாதவர்களுக்கு டிரென்தம் தோட்டமும் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவும் அருகில். ஹான்லியிலுள்ள நகர அருங்காட்சியகத்தில் 2009 இல் வயலில் கண்டெடுத்த ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியலின் ஒரு பகுதியைப் பார்க்கலாம்.

எப்போது இதுவே சிறந்தது: வார நாளில் விடுப்பு கிடைக்கும்போது, கைவினையில் நாட்டம் இருக்கும்போது, ஏதேனும் வாங்கிக்கொண்டு திரும்ப விரும்பும்போது, ஏனெனில் ஆலைக் கடைகளில் சிறு பழுதுள்ள பாண்டங்கள் விலை குறைவாகக் கிடைக்கும்.

## கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

நுழைவுக் கட்டணத்தைவிட ரயில் கட்டணமே பையைக் காலி செய்யும். அதே நாளில், காலை நெரிசல் நேரத்தில் வாங்கும் சீட்டுக்கும், சில வாரங்களுக்கு முன்பே குறிப்பிட்ட ரயிலுக்கு வாங்கும் சீட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இருவர் சேர்ந்து போவதானாலும் குடும்பமாகப் போவதானாலும் ரெயில்கார்டு எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். நீண்ட தூரப் பயணமானால் ஒன்றிரண்டு பயணங்களிலேயே அட்டையின் விலை திரும்பிவிடும். அயர்ன்பிரிட்ஜுக்கு இதற்கு மேல் டாக்சிச் செலவையும், காரில் போனால் நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்கில் செலவு வேறு வடிவில் வரும்: கடை. கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறும் சிரமமும், விமானத்தில் உடையாமல் கொண்டுபோகும் சிரமமும் அதில் அடங்கும்.

மற்றொன்று, நாள். சிறிய அருங்காட்சியகங்கள் வாரத்தின் முதல் நாள்களிலும் குளிர்காலத்திலும் மூடியிருப்பது இந்த நாட்டில் வழக்கம். கிராமப்புறப் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை குறைந்துவிடும். சீட்டு வாங்கும் முன் திறக்கும் நாளை உறுதிசெய்வது கட்டாயம்.

| | அயர்ன்பிரிட்ஜ் | குரோம்ஃபோர்டு | சால்ட்டேர் | ஸ்டோக் |
|---|---|---|---|---|
| கார் இல்லாமல் | கடினம் | எளிது | மிக எளிது | ஓரளவு எளிது |
| காணக் கிடைப்பது | பாலம், ஊதுலை, மாதிரி ஊர் | ஆலைக் கட்டடம், தொழிலாளர் தெரு | முழு ஊரமைப்பு, ஓவியம் | சூளை, இயங்கும் தொழிற்கூடம் |
| முதியவர்களுக்கு | சரிவுகள் மிகுதி | நடுத்தரம் | ஏற்றது | இடத்துக்கு இடம் மாறும் |
| செலவு | மிகுதி | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம், கடைச் செலவு தனி |
| ஏற்ற நாள் | கோடை | வழிகாட்டி கிடைக்கும் நாள் | வாரக் கடைசி | வார நாள் |

## இரண்டு நாள் கிடைத்தால்

ஒரு நாள் மட்டுமே கையில் இருந்து, அது வார நாளாக அமைந்தால் ஸ்டோக். வாரக் கடைசியாக இருந்து, வயதானவர்களும் உடன் வந்தால் சால்ட்டேர். கார் இருந்து குழந்தைகளும் இருந்தால் அயர்ன்பிரிட்ஜ். குரோம்ஃபோர்டை ஒற்றை இடமாகத் தேர்ந்தெடுக்க யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் இரண்டாவது நாள் கிடைத்தால் அதுதான் என் முதல் பரிந்துரை, ஏனெனில் ஸ்டோக்கிலிருந்து லாங்டன் வழியாக டெர்பிக்கு நேரடி ரயில் ஓடுகிறது, டெர்பியில் மாறினால் குரோம்ஃபோர்டு. வெள்ளிக்கிழமை காலை ஹான்லியிலோ பர்ஸ்லத்திலோ தொழிற்கூடத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகல் லாங்டனில் சூளைக்குள் நுழைந்து வெளிவந்து, அங்கேயே ரயிலேறி டெர்பியில் இரவு தங்கலாம். சனிக்கிழமை காலை குரோம்ஃபோர்டில் வழிகாட்டியோடு ஆலையைச் சுற்றிவிட்டு, மாலைக்குள் மாட்லாக் பாத்தில் மலையேறித் திரும்பலாம். பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே விட்டுச் செல்ல இடம் உண்டா என்பதை அறை பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் வாங்கிய பீங்கானோடு குரோம்ஃபோர்டு தெருவின் ஏற்றத்தில் நடக்க வேண்டியிராது.